முத்து, வயது 54 மாதம்

ஜூன் 9, திங்கள்

இன்று காலை ரீஏஜென்ட், அதாவது ரத்தப் பரிசோதனை ரசாயனம், புதுப் பெட்டி பிரித்தேன். புதுப் பெட்டி பிரித்தால் முதலில் என் ரத்தத்தை ஓட்டிப் பார்ப்பது பதினைந்து வருடப் பழக்கம். இயந்திரம் சரியாகச் சொல்கிறதா என்று தெரிய, நன்றாக இருக்கும் ஓர் உயிரின் ரத்தம் வேண்டும். நன்றாக இருக்கும் உயிர் எதுவும் எங்கள் கால்நடை மருத்துவமனைக்கு வருவதில்லை. ஆய்வகத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரே ஆரோக்கியமான பிராணி நான்தான். கடிப்பதில்லை, உதைப்பதில்லை, வாயைக் கட்ட வேண்டியதில்லை.

கிரியேட்டினின் என்பது தசை வேலை செய்வதால் ரத்தத்தில் சேரும் கழிவு. சிறுநீரகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். தள்ளாவிட்டால் எண் ஏறும். என் எண் எப்போதும் 0.9. இயந்திரத்துக்கு மேலே சுவரில் "தவசிமுத்து = 0.9" என்று பென்சிலால் எழுதியே வைத்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் ஒரு பசுவின் சிறுநீரகம் கெட்டதா இல்லையா என்பது பதினைந்து வருடமாக என்னை வைத்துத்தான் தீர்மானிக்கப்பட்டு வந்திருக்கிறது. இதற்காக நான் எந்தப் பாராட்டையும் எதிர்பார்த்ததில்லை.

இன்று 1.7 காட்டியது.

இயந்திரம் பழுது என்று பதிவேட்டில் எழுதிவிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கம்பெனி இன்ஜினியர் மதுரையிலிருந்து வந்தார். கம்பெனியே செய்து அனுப்பும் சோதனைத் திரவத்தை ஓட்டினார். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை.

"மெஷின் சுத்தமா இருக்கு சார். எந்த சாம்பிள்ல தப்பா வருது?"

"ஒரு நார்மல் சாம்பிள்ல."

"அது நார்மல்னு யார் சொன்னது?"

"பதினஞ்சு வருஷமா நார்மல்."

"அப்ப இப்ப மாறியிருக்கும் சார்."

தொழில் தெரியாதவர்.

போகும்போது கணினியில் ஒரு திருத்தமும் செய்துவிட்டுப் போனார். இனிமேல் விலங்கின் பெயர், இனம், வயது, உரிமையாளர், தொலைபேசி எண் எல்லாம் கொடுத்தால்தான் முடிவு வருமாம். எண்ணுக்குப் பக்கத்திலேயே அந்த இனத்துக்கு இருக்க வேண்டிய அளவும் வரும். அளவு தாண்டினால் எண் சிவப்பாகும்.

ஜூன் 11, புதன்

இயந்திரத்தில் திருத்தக் காரணி என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எந்த எண்ணைப் போட்டாலும் எல்லா முடிவுகளையும் அதனால் பெருக்கிக் கொடுக்கும். 0.53 என்று போட்டேன். என் ரத்தம் உடனே 0.9 ஆகிவிட்டது. காலை பத்து மணிவரை எங்கும் நிம்மதி நிலவியது.

பத்து மணிக்கு ஒரு சிப்பிப்பாறை நாய் வந்தது. மூன்று நாளாக வாந்தி. அதன் கிரியேட்டினின் 1.4 என்று வந்தது. நாய்க்கு 1.5 வரை இருக்கலாம். "ஒண்ணும் இல்லை" என்று சொன்னதும் அதன் சொந்தக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். நாய் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

கேட்டைத் தாண்டும் முன் ஓடிப்போய்க் கூப்பிட்டேன். காரணியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். 2.6.

டாக்டர் மெஹருன்னிசா பார்த்துவிட்டு, "ஒல்லியா ஓடுற ஜாதிக்கு இயல்பாவே கொஞ்சம் கூட இருக்கும். ஆனா இது ரொம்பக் கூட. உடனே டிரிப் போடணும்" என்றார்.

இனிக் காரணியைத் தொடுவதில்லை. நான் நன்றாக இருப்பதற்காக இந்த வட்டாரமே நன்றாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல.

ஒல்லியாக ஓடுகிற ஜாதிக்கு இயல்பாகவே கூட இருக்கும் என்பதைக் குறித்துக்கொண்டேன்.

ஜூன் 13, வெள்ளி

கணினியில் புதிய பதிவு, எண் 417.

இனத்துக்கான பட்டியலில் நாய், பூனை, பசு, எருமை, ஆடு, குதிரை, கோழி, இதர என்று இருக்கிறது. "இதர" என்று போட்டிருக்கலாம். ஆனால் சுயமரியாதை என்று ஒன்று இருக்கிறதே. நாய் என்று போட்டேன். பெயர் முத்து. வயது 54 என்று அடித்தேன். பக்கத்தில் மாதமா வருடமா என்று கேட்டது. ஐம்பத்து நான்கு வருடத்து நாயைக் கணினி ஏற்றுக்கொள்ளாது என்பதால் மாதம். உரிமையாளர்: சொர்ணம். மனைவியின் பெயரைப் போட்டதில் தவறொன்றும் இல்லை. ஒருவகையில் அது உண்மை. தொலைபேசி எண் என்ற இடத்தில் விரலுக்குப் பழகிய எண்ணையே அடித்தேன்.

1.7. சிவப்பு.

பிறகு சாதி என்ற இடத்தில் சிப்பிப்பாறை என்று மாற்றினேன். அளவு 1.9 வரை உயர்ந்தது. எண் கறுப்பாகிவிட்டது.

நான் அப்படியொன்றும் குண்டு இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

தூத்துக்குடியிலிருந்து அண்ணனும் அண்ணியும் வந்திருந்தார்கள்.

அண்ணனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, அண்ணி ஒன்றைக் கொடுத்துப் பதினொரு வருடம் ஆகிறது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அதாவது அண்ணி நன்றாக இருக்கிறார், அண்ணன் இருக்கிறார்.

வாசலில் ஆட்டோ நின்றதும் அண்ணியின் குரல்தான் முதலில் கேட்டது. "நிழல்ல நில்லுங்க. என் கிட்னிய வெயில்ல காயப் போடாதீங்க."

சாப்பிடும்போது அண்ணன் அப்பளத்தை எடுத்தார். அண்ணி அதைக் கையிலிருந்து வாங்கித் தன் இலையில் வைத்துக்கொண்டார். "உங்க நாக்குக்கு வேணும். என் கிட்னிக்கு வேண்டாம்."

மாலையில் அண்ணன் தனியாக அகப்பட்டபோது, "எப்படிண்ணே இருக்கே?" என்று கேட்டேன்.

"வாடகை வீட்டுல இருக்கிற மாதிரி இருக்குடா" என்றார். "ஆணி அடிக்கக்கூட கேட்டுத்தான் அடிக்கணும்."

அவர்கள் போனபின் சொர்ணம் பாத்திரம் கழுவிக்கொண்டே, "மதினி பண்ணதுதான் சரி. நானா இருந்தாலும் யோசிக்காம குடுத்துருவேன்" என்றாள்.

அவள் குடுத்துவிடுவாள். பக்கத்து வீட்டுக்கு இட்லிக் கொப்பரை கொடுத்த மாதிரி, கேட்பதற்கு முன்பே.

ஜூன் 24, செவ்வாய்

1.95. சிப்பிப்பாறைக்கு இது ஆகாது.

பசுவுக்கு 2.0 வரை ஆகும். 417ஐப் பசு என்று திருத்தினேன்.

முழங்கால் வலிக்கு வழக்கம்போல் காலை ஒன்று, மாலை ஒன்று மாத்திரை. சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தான். நாளை வரச் சொல்லி அனுப்பினேன். அந்த 0.9 அழிந்துவிடும்.

ஜூலை 2, புதன்

2.05. பூனைக்கு 2.1 வரை பரவாயில்லை.

விலங்குகளிலேயே நுட்பமான படைப்பு பூனை என்பது என் நெடுநாள் அபிப்பிராயம். யாருக்கும் கடமைப்பட்டதில்லை, யாரையும் கேட்டு எதையும் செய்வதில்லை. பசு என்று இத்தனை நாள் எழுதி வைத்திருந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

செருப்பு சிறுத்துவிட்டது. இப்போதெல்லாம் தோல் தரமாக வருவதில்லை.

ஜூலை 4, வெள்ளி

டாக்டர் மெஹருன்னிசா பதிவுகளை வாசிப்பவர். நல்ல டாக்டர்களிடம் உள்ள குறை அது.

"சார், இந்த 417, முத்து. போன மாசம் நாய். அப்புறம் பசு. இப்ப பூனை?"

"ஏத்தினதுல தப்பு மேடம். கம்ப்யூட்டர் புதுசு."

"எது சரி?"

"பூனை."

"மூணு வாரத்துல ஒன்னே முக்கால்ல இருந்து ரெண்டைத் தாண்டிருச்சே. பூனைக்கு நார்மல்னு விட்டுரலாம், ஆனா ஏறிக்கிட்டே போகுது பாருங்க. கிரியேட்டினினை மட்டும் நம்பக் கூடாது சார். அது ஏற ஆரம்பிக்கும்போது கிட்னியோட முக்கால் வேலை போயிருக்கும். யூரின் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றேன். அது உண்மை. நான் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. பூனையின் சிறுநீர் பதநீர் காய்ச்சியதுபோல் அடர்த்தியாக இருக்கும். உடம்பில் ஒரு சொட்டு நீரையும் வீணாக்காத பிராணி அது. அடர்த்திமானியில் 1.035க்கு மேலே காட்ட வேண்டும்.

மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தேன். 1.010. வந்த தண்ணீரை வந்தபடியே வழியனுப்பி வைக்கிற சிறுநீரகம். பாலத்துக்கு அடியில் ஓடுகிற ஆறு மாதிரி. பாலம் எந்த வேலையும் செய்வதில்லை.

பூனையாக இருப்பது லேசான காரியம் இல்லை.

ஜூலை 7, திங்கள்

டாக்டர் முத்துவைப் பற்றி விசாரித்தார். தெரிந்தவர்கள் வீட்டுப் பூனை என்று சொல்லியிருந்தேன். தெரிந்ததையெல்லாம் நேர்மையாகச் சொன்னேன்.

"தண்ணி நிறையக் குடிக்குதா?"

"குடம் குடமா, மேடம்."

"பூனை?"

"கிண்ணம் கிண்ணமா."

"யூரின் அடிக்கடி போகுதா?"

"ராத்திரி மூணு தடவை எழுந்திருக்குது. லைட்டைப் போடாம போகும்."

"சாப்பாடு?"

"முன்னளவு இறங்கல. மாவடு இருந்தா கொஞ்சம் சாப்பிடும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பூனை மாவடு சாப்பிடுமா?"

"தயிர்ச் சோத்துக்கு."

பக்கத்தில் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்த இருளப்பன் இருமினார். எங்கள் மருத்துவமனை உதவியாளர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆனாலும் படிப்புக்கு மரியாதை கொடுத்து என்னை அண்ணாச்சி என்பார். இருமல் அவருக்கு வெகுநாளாக இருக்கிறது.

"மருந்து ஏதாவது குடுக்குறாங்களா?"

"மூட்டு வலிக்கு ரெண்டு வேளை மாத்திரை. நாலு வருஷமா."

"ஐயோ" என்றார் டாக்டர். "வலி மாத்திரையா? பூனைக்கா? அதுவே கிட்னியைக் கொன்னுரும் சார். யார் அந்த ஓனர்?"

ஜூலை 8, செவ்வாய்

"ஓனர்கிட்ட பேசிட்டேன் சார்" என்றார் டாக்டர், நான் உள்ளே நுழையும்போதே.

நாற்காலி பக்கத்தில் இருந்தது நல்லதாயிற்று.

"ரொம்ப விவரமான அம்மா. முதல்ல, எங்க வீட்டுல பூனையே கிடையாதேன்னாங்க. ரிப்போர்ட்டை வாசிச்சேன். பேர் முத்து, வயசு ஐம்பத்து நாலு, மூட்டு வலி, ராத்திரி மூணு தடவை, மாவடு. ஒரு நிமிஷம் சத்தத்தையே காணோம். அப்புறம், ஆமாம்மா, எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, நீங்க சொல்லுங்கன்னு சொல்லி, எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க. என்ன குடுக்கலாம், என்ன குடுக்கக் கூடாதுன்னு அரை மணி நேரம் கேட்டாங்க."

வீட்டுக்குப் போனதும் சாதாரணமாகக் கேட்டேன். "யாரும் போன் பண்ணாங்களா?"

"கேஸ்காரர் பண்ணார்" என்றாள் சொர்ணம். "சிலிண்டர் நாளைக்கு."

அப்படியானால் எண்ணை அடிக்கும்போது ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது. ஊரில் வேறு ஒரு சொர்ணம் இருக்கிறாள், அவள் வீட்டில் முத்து என்று ஒரு நோயாளிப் பூனை இருக்கிறது. இப்படிப்பட்ட தற்செயல்கள் நடக்கத்தான் செய்கின்றன.

சாம்பாரில் உப்பு இல்லை. சொன்னேன்.

"எனக்குச் சரியாத்தானே இருக்கு" என்றாள்.

ஜூலை 9, புதன்

ரசத்திலும் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

மாவடு ஜாடியைக் காணவில்லை. எலி கொண்டுபோய்விட்டதாம். எட்டுக் கிலோ ஜாடி.

சொர்ணத்துக்கு வயதாகிறது. சமையலில் கை தளர்ந்துவிட்டது. அதைப் பெரிதுபடுத்தி அவள் மனத்தை நோகடிக்கக் கூடாது என்று இருக்கிறேன்.

ஜூலை 14, திங்கள்

மேசை இழுப்பறையில் வைத்திருந்த வலி மாத்திரை அட்டைகளைக் காணவில்லை.

இருளப்பனைக் கேட்டேன். "காலாவதி ஆயிருச்சுன்னு டாக்டரம்மா குப்பையில போடச் சொன்னாங்க அண்ணாச்சி."

"அடுத்த வருஷம் வரை தேதி இருந்துச்சே."

"அட்டைக்கு இருக்கும் அண்ணாச்சி. ஆளுக்கு?"

இவர் எப்போதிருந்து இப்படிப் பேச ஆரம்பித்தார் என்று தெரியவில்லை.

மதியம் டாக்டர் கூப்பிட்டார். பூனைகளுக்கான ரத்த அழுத்தக் கருவி புதிதாக வந்திருந்தது.

"பூனைக்குப் போடறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஓட்டிப் பாக்கணும் சார். பெரிய பட்டையும் கூட வந்திருக்கு. கையை நீட்டுங்க. நீங்கதானே நம்ம நார்மல்?"

நீட்டினேன். தொழில் என்று வந்தால் நான் மறுத்ததில்லை.

நூற்று அறுபத்தெட்டுக்கு நூற்றுநான்கு.

அந்தக் கருவியும் பழுது. இப்போது வாங்கும் எதுவுமே சரியில்லை. டாக்டர் மறுபடியும் இரண்டு தடவை போட்டார். மூன்று தடவையும் அதே பழுது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

2.3.

இது பூனைக்கும் ஆகாது. நாள் முழுவதும் யோசித்தேன். நூலகத்திலிருந்து கால்நடை மருத்துவ நூலை எடுத்துப் பறவைகள் பற்றிய பகுதியை வாசித்தேன். வாசிப்பு எப்போதும் கைவிடுவதில்லை.

கோழிக்குக் கிரியேட்டினின் ஒரு பொருட்டே அல்ல. அதற்கு யூரிக் அமிலம்தான் பார்க்க வேண்டும். சிறுநீரும் அதற்குத் தனியாக வருவதில்லை. எச்சத்தோடு எச்சமாகப் போய்விடும். ஆகவே அடர்த்திமானியின் தொல்லையும் கிடையாது. சிறுநீரகம் பற்றி யாரும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாத ஒரு வாழ்க்கையை இயற்கை அதற்கு அமைத்துக் கொடுத்திருக்கிறது.

417, கோழி.

கணினி கிரியேட்டினின் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டது. அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 19, சனி

"முத்து இப்ப கோழியா சார்?" என்று கேட்டார் டாக்டர்.

"கம்ப்யூட்டர்."

"முட்டை போடுதா?"

"ஆண், மேடம்."

"கோழிக்கு கால் வீங்குமா சார்?"

என் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டு கேட்டார். ஒரு வாரமாக நான் ரப்பர் செருப்புக்கு மாறியிருக்கிறேன், காற்றோட்டத்துக்காக.

"இதப் பாருங்க சார்" என்றார், குரலைத் தாழ்த்தி. "நாயோ, பூனையோ, கோழியோ, எனக்கு அதப் பத்திக் கவலை இல்லை. இன்னும் மூணு மாசம் இப்படியே விட்டா முத்து திரும்பி வரமாட்டான். இப்பவே கவனிச்சா ரொம்ப வருஷம் இருப்பான். பிரஷருக்கு மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, வலி மாத்திரை நிறுத்தணும். அவ்வளவுதான். யார் கிட்னியும் யாருக்கும் வேண்டியதில்லை. இருபத்தெட்டாம் தேதி திங்கக்கிழமை, பத்து மணிக்கு. முத்துவைக் கூட்டிட்டு வரச் சொல்லி ஓனர்கிட்ட சொல்லிட்டேன்."

"வந்து..."

"அவங்க வராங்க சார். முத்து வரலேன்னா அந்த ஃபைலை மேலதிகாரிக்கு அனுப்பிருவேன். ஒரு பிராணி ஒன்றரை மாசத்துல மூணு தடவை இனம் மாறினா, கணினியில கை வெச்சவர்தானே பதில் சொல்லணும்?"

யாரும் யாருக்கும் கிட்னி கொடுக்க வேண்டியதில்லை என்ற செய்தியை இவர் ஏன் என்னிடம் சொன்னார் என்று விளங்கவில்லை. பொதுவான மருத்துவத் தகவலாக இருக்கும்.

ஜூலை 23, புதன்

அண்ணன் போன் செய்தார். சொர்ணம் அவருடன் இருபது நிமிடம் பேசினாள், பிறகு அண்ணியுடன் ஒரு மணி நேரம். என்ன என்று கேட்டேன்.

"ஒரு பூனை விஷயம்" என்றாள்.

கீரை மசியல். உப்பில்லை. அவளும் அதையேதான் சாப்பிடுகிறாள் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

முத்து வேண்டும். ஆகவே இருளப்பனை அழைத்துக்கொண்டு மீன் மார்க்கெட் போனேன்.

"நம்ம ஆஸ்பத்திரிக்கு வர்ற பூனை பத்தாதா அண்ணாச்சி?"

"அதெல்லாம் சீக்குப் பூனை. எனக்கு ஆரோக்கியமானது வேணும்."

"ஆரோக்கியமான பூனைக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

இந்த மாதிரிக் கேள்விகளால்தான் இருளப்பனுக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை.

ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஒரு கடுவன் பூனை படுத்திருந்தது. மஞ்சள் நிறம், ஒரு காது கிழிந்தது, பார்வையில் அலட்சியம். வயது மதிப்பாக ஐம்பத்து நான்கு மாதம் இருக்கும். பிடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. நான் ஓட வேண்டியிருந்தது. பத்தடிக்கு ஒருமுறை நின்று முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கினேன். மூன்றாம் தடவை நின்றபோது இருளப்பன் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அண்ணாச்சி. மாடு இப்படி மூச்சு வாங்கினா நாம என்ன செய்வோம்?"

"டாக்டரைக் கூப்பிடுவோம்."

"ம்" என்றார். பூனையை அவரே பிடித்தார்.

ஜூலை 28, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது மணிக்கே கடுவனின் ரத்தத்தையும் சிறுநீரையும் எடுத்து ஓட்டினேன். கிரியேட்டினின் 1.2. அடர்த்தி 1.048. இரண்டும் கறுப்பு. 417, முத்து, பூனை, நலம். அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். தாள் இளஞ்சூடாக இருந்தது. ஒரு மணி நேரம் நான் உண்மையிலேயே குணமாகியிருந்தேன். கால்கூட வற்றிவிட்டது போல் இருந்தது.

பத்து மணிக்குச் சொர்ணம் வந்தாள். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டு. கையில் பூனைக் கூடை இல்லை, ஒரு நோட்டு இருந்தது.

"வாங்கம்மா" என்றார் டாக்டர். "முத்துவோட ஓனர் நீங்கதானே?"

"ஆமாம்மா. முப்பது வருஷமா."

நான் கூண்டை முன்னால் தள்ளினேன். ரிப்போர்ட்டை அதன் மேல் வைத்தேன். "மேடம், முத்து குணமாயிடுச்சு. பாருங்க, 1.2."

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கடுவனைப் பார்த்தார். கடுவன் யாரையும் பார்க்கவில்லை.

"அம்மா, இதுதான் உங்க முத்துவா?"

சொர்ணம் குனிந்து கூண்டுக்குள் எட்டிப் பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

"இது இல்லம்மா. இதுக்குக் காது கேக்கும் போலிருக்கு. எங்க முத்துவுக்குச் சொன்னா கேக்காது."

"அப்ப உங்க முத்து எங்க?"

"இதோ நிக்குதே" என்றாள், என் சட்டைக் காலரைப் பிடித்து. "கூடையில அடங்கல."

இருளப்பனுக்கு இருமல் வந்து அவர் வெளியே போக வேண்டியதாயிற்று.

நான் ஒரு விளக்கம் தயார் செய்துகொண்டிருந்தேன். கணினியில் ஏற்றியதில் பிழை என்று அது ஆரம்பித்தது. சொர்ணம் ஆரம்பிக்கவே விடவில்லை.

"இவளும் மதினி மாதிரி ஆயிருவாளோன்னு பயந்தீங்களா? நான் குடுத்துட்டுச் சொல்லிக் காட்டுவேன்னு?"

கூண்டின் மேலிருந்த ரிப்போர்ட்டை எடுத்து மடித்தேன்.

"ஆமா, சொல்லிக் காட்டத்தான் செய்வேன். தினமும் சொல்லிக் காட்டுவேன். அதனாலதான் குடுக்கிற நிலைமைக்கு விடக் கூடாதுன்னு மூணு வாரமா உப்பில்லாம திங்கிறேன். நான் என்ன சந்நியாசியா?" என் காலரை அவள் இன்னும் விடவில்லை. "போன்ல ஒருத்தங்க உங்க பூனைக்கு கிட்னி போகுதும்மாங்கறாங்க. எங்க வீட்டுல பூனை இல்லை. வயசைக் கேட்டதும் அடுப்பை அமத்திட்டு உக்காந்துட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்கு உங்களுக்கு எத்தனை ஜென்மத்துக்கு உப்பு நிறுத்தினாலும் தகும்."

நோட்டைப் பிரித்து மேசைமேல் வைத்தாள். தேதிவாரியாக எழுதியிருந்தாள். என்ன சாப்பிட்டேன், எத்தனை தடவை எழுந்தேன், கால் எவ்வளவு வீங்கியது. கால் வீக்கத்தை நான் தூங்கும்போது தையல் நாடாவால் அளந்திருக்கிறாள். பதிவுகள் மிகச் சுத்தமாக இருந்தன. எங்கள் ஆய்வகத்தில் யாரும் அப்படி எழுதுவதில்லை, என்னையும் சேர்த்து.

டாக்டர் மருத்துவமனைத் தாளில் ஒரு கடிதம் எழுதி, மூன்று தடவை எடுத்த ரத்த அழுத்தத்தையும் குறித்து, மடித்துச் சொர்ணத்திடம் கொடுத்தார். "பெரியாஸ்பத்திரியில கிட்னி டாக்டர் புதன்கிழமை இருப்பார். அவர்கிட்டக் குடுங்க."

"மேடம், அந்த 417 ஃபைல்?" என்று கேட்டேன்.

"எந்த ஃபைல்?" என்றார். பிறகு, "கூண்டைத் திறந்து விடுங்க சார். அது நார்மல்."

கடுவன் வெளியே வந்து, மேசைமேல் ஏறி, ஜன்னல் வழியாகப் போனது. நன்றி சொல்லவில்லை. பூனையைப் பற்றி நான் முன்பு எழுதியதை மாற்றிக்கொள்ளக் காரணம் எதுவும் இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

வெள்ளையடிப்பவனை வரச் சொன்னேன். இயந்திரத்துக்கு மேலேயும் அடித்துவிட்டான்.

ரீஏஜென்ட் பெட்டி புதிது பிரித்தேன். கம்பெனி கொடுத்த சோதனைத் திரவத்தை ஓட்டினேன். சரியாக இருந்தது.

ஜூலை 30, புதன்

மனிதர்களின் மருத்துவமனையில் கூட்டம் அதிகம், ஒழுக்கம் குறைவு. யாருக்கும் வாய் கட்டவில்லை.

சீட்டு எழுதும் ஜன்னலில் ஒரு படிவம் கொடுத்தார்கள். வாசித்துப் பார்த்தேன். பெயர், வயது, பாலினம், முகவரி. திருப்பியும் பார்த்தேன். இனம் எழுத அதில் இடமே இல்லை. எல்லாரும் ஒரே இனம் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டார்கள். தப்பிக்க ஒரு கட்டம்கூட விடவில்லை.

"பேர் சொல்லுங்க" என்றார் ஜன்னலில் இருந்தவர், தலை நிமிராமல்.

சொன்னேன். முழுப் பெயரையும்.

"வயசு?"

"ஐம்பத்து நாலு."

பின்னாலிருந்து சொர்ணம் என் தோளுக்கு மேலே எட்டி, ஜன்னலுக்குள் கேட்கும்படியாகச் சொன்னாள்:

"வருஷம்."